எங்கள் கம்பெனி வளர்ந்த கதையில் விட்டுப்போன கணக்கு

போன மாதம் அக்கா மகன் ஆபீசுக்கு வந்து, "மாமா, கம்பெனிக்கு ஒரு புரோஷர் போடலாம். எந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு மைல்கல் மாதிரி அஞ்சாறு சொல்லுங்க, நான் டிசைன் பண்ணிடறேன்" என்றான். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். 2008ல் ஒரு லேத்தோடு தொடக்கம். 2013ல் முதல் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் சொன்னபடி தானாகக் கடையும் மிஷின். 2018ல் புது ஷெட். 2019ல் பிரைவேட் லிமிடெட். அந்த நிதியாண்டில் டர்ன்ஓவர் இரண்டு கோடியைத் தொட்டோம். அவன் போனில் டைப் செய்துகொண்டு கிளம்பினான். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அவன் எழுதிக்கொண்ட அதே 2019ல்தான் என் மனைவியின் பன்னிரண்டு சவரன் அடகுக் கடைக்குப் போனது. அது திரும்பி வரவில்லை. அது புரோஷரில் வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். ஒரு ஷெட், இரண்டு மிஷின், ஏழெட்டு ஆட்கள் என்று ஓட்டிக்கொண்டு, "அடுத்து பெருசா பண்ணணும்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் யாராவது படித்தால் போதும்.

நான் ஐடிஐ படித்த டர்னர், லேத்தில் இரும்பைக் கடைகிறவன். பெரம்பூர் பக்கம் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, வியாசர்பாடியில் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன ஷெட்டை மாதம் 3,500 ரூபாய் வாடகைக்கு எடுத்தேன். ஒரு பழைய ஆறடி லேத், 1,10,000 ரூபாய். நானும் ஒரு பையனும். மூன்று வருடம் கிடைத்த ஜாப் ஒர்க் எல்லாம் செய்தோம். வடசென்னையில் வேலைக்குப் பஞ்சமில்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் வண்டித் தொழிற்சாலை, துறைமுகம், பெரம்பூரில் ரயில் பெட்டி என்று சுற்றிலும் இரும்பு ஓடிக்கொண்டே இருக்கும். 2011ல் ஒரு வால்வு கம்பெனியின் வேலை கிடைத்தது. ஸ்டெம், சீட் ரிங், கிளாண்ட் புஷ் மாதிரி சின்னச் சின்ன பாகங்கள். முதலில் மெட்டீரியல் அவர்களுடையது, கூலி மட்டும் எனக்கு. பிறகு, "மெட்டீரியலும் நீங்களே போட்டுக்குங்க, ரேட் சேர்த்துத் தர்றோம்" என்றார்கள். எனக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டது. கூலிக்காரன் சப்ளையர் ஆகிவிட்டேன் இல்லையா. பாரிமுனையில் எஸ்எஸ் பார் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி) வாங்குகிற இடத்தில் சேட்டு முப்பது நாள் கடன்தான் தருவார் என்பதும், வால்வு கம்பெனி அதற்கு மேல் இழுக்கும் என்பதும் ஒரு வருடம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது.

2013ல் சிஎன்சி வாங்கினோம். விலை 17 லட்சம், வங்கி 14 லட்சம் கொடுத்தது. சிறுதொழில் கடனுக்கு ஜாமீன் நிற்கும் சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தின் கேரண்டியில் வந்ததால் சொத்து அடமானம் கேட்கவில்லை. மாலை போட்டு, எலுமிச்சை நசுக்கி, தெருவே வந்து பார்த்தது. மிஷின் விலையை மட்டும் பார்த்தவன் நான். ஸ்டெபிலைசர், கம்ப்ரஸர், எர்த் பிட், டூல் ஹோல்டர், இன்சர்ட், மின் இணைப்பில் லோடு கூட்டுவதற்கான டெபாசிட் என்று இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேல் போனது. அதற்கு லோன் இல்லை, கைக்காசுதான். மிஷின் கொட்டேஷன் வாங்கும்போதே இந்தச் சில்லறைகளையும் எழுதி, மொத்தமாக வங்கியில் கேளுங்கள். பிறகு கேட்டால் தனி லோன், தனி ஃபைல், தனி அலைச்சல். ஆனாலும் அந்த மிஷின் நன்றாக உழைத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது பேனலை முந்தின ராத்திரியே கழற்றி பரண் மேல் ஏற்றி வைத்திருந்தோம், தப்பித்தது. அடுத்த வருடம் வர்தா புயலில் கூரையில் நாலு ஷீட் பறந்தது. இதெல்லாம் கஷ்டம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம். நாலு பேர் ஓடி வந்து கை கொடுப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாதது 2018ல் தொடங்கியது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அப்போது மாதம் எட்டு லட்சத்துக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தோம். 45 நாளில் பணம் வரும். அப்படியென்றால் எந்த நாளில் பார்த்தாலும் என் பணம் 12 லட்சம் வெளியே நிற்கும். அதற்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் இருந்தது, சமாளித்தோம். வால்வு கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டு, "உங்க குவாலிட்டி எங்களுக்குப் பிடிச்சிருக்கு. அளவை டபுள் பண்றோம். ஆனா இப்ப இருக்கிற சந்துல வச்சு பண்ண முடியாது, ஆடிட்டுக்கு வர்றவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார். மாதவரம் – மணலி சாலைப் பக்கம் 2,400 சதுர அடி ஷெட் பிடித்தோம். இரண்டாவது சிஎன்சி, ஒரு விஎம்சி (மேலிருந்து வெட்டித் துளை போடும் கம்ப்யூட்டர் மிஷின்). பில் மாதம் 16 லட்சம் ஆனது. அதே சமயம் அவர்களுடைய பேமென்ட் 45 நாளிலிருந்து நகர்ந்து நகர்ந்து 90 நாள் ஆனது. இப்போது கணக்குப் போடுங்கள். மாதம் 16 லட்சம், மூன்று மாதம், 48 லட்சம் வெளியே. வியாபாரம் இரண்டு மடங்கு ஆனபோது வெளியே நிற்கும் பணம் நாலு மடங்கு ஆகிவிட்டது. கூடுதலாகத் தேவைப்பட்டது 36 லட்சம். எனக்கு வருடத்துக்கு எல்லாம் போக நிற்பது எட்டு சதவீதம், அதாவது சுமார் 15 லட்சம். இரண்டு வருட லாபத்தை முழுசாக எடுத்து உள்ளே போட்டால்கூட போதாது. இந்த ஒரு கணக்கை யாராவது ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டியிருந்தால் நான் அந்த ஆர்டரைப் பாதியாகக் கேட்டு வாங்கியிருப்பேன். யாரும் காட்டவில்லை. எல்லோரும் கை குலுக்கினார்கள்.

இதன் மேல் ஜிஎஸ்டி. 2017 ஜூலைக்கு முன்னால் ஒன்றரைக் கோடி டர்ன்ஓவர் வரைக்கும் எங்களை மாதிரி சிறு உற்பத்தியாளருக்கு எக்ஸைஸ் (உற்பத்தி வரி) கிடையாது. ஜிஎஸ்டி வந்த பிறகு எங்கள் பாகங்களுக்கு 18 சதவீதம். இந்த மாதம் பில் போட்டால் அடுத்த மாதம் 20ஆம் தேதி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும், கஸ்டமர் கொடுத்தாரா இல்லையா என்பது அவர்கள் கவலை இல்லை. மெட்டீரியலுக்குக் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், நமது கூலிப் பங்குக்கான வரியை நம் கையிலிருந்துதான் போட வேண்டும். இரண்டு மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடாமல் விட்டேன். சரக்கை வண்டியில் அனுப்பத் தேவையான இ-வே பில் லாக் ஆகிவிட்டது, சரக்கு ஷெட்டிலேயே நின்றது. என் ரிட்டர்ன் வராததால் கஸ்டமருக்கு அவர்கள் கழித்துக்கொள்ள வேண்டிய வரி கிரெடிட் தெரியவில்லை, அதைக் காரணம் காட்டிப் பழைய பேமென்ட்டையும் நிறுத்தினார்கள். அவர்கள் பணம் தராததால் நான் வரி கட்டவில்லை, நான் வரி கட்டாததால் அவர்கள் பணம் தரவில்லை. சம்பளத்தைத் தள்ளிப்போட்டாலும் ரிட்டர்னைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் சம்பளத்தைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனசு இல்லை. வாடகையைத் தள்ளிப்போடுங்கள்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், வாங்குகிறவர் எடுத்துக்கொண்ட அந்த வரி கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்திலேயே இருக்கிறது. பர்ச்சேஸ் ஆட்கள் நம் போனை எடுக்க மாட்டார்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு, "இந்த இந்த பில் 150 நாள் ஆகிவிட்டது" என்று மரியாதையாக ஒரு மெயில் போட்டால் அங்கே ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். இப்போது நான் அதை மாதாமாதம் செய்கிறேன்.

வங்கியிடம் போகலாமே என்று கேட்பீர்கள். போனேன். எங்களுக்கு சிசி லிமிட், அதாவது ஸ்டாக்கையும் பாக்கியையும் காட்டி எடுக்கும் கடன் வரம்பு, இருந்தது. மாதாமாதம் ஸ்டாக், பாக்கி விவரம் கொடுக்க வேண்டும், அதை வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்கிடுவார்கள். அதில் 90 நாளைத் தாண்டிய பாக்கியைச் சேர்க்க மாட்டார்கள். கஸ்டமர் தாமதம் செய்யச் செய்ய, பாக்கிகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் விழும், என் லிமிட் சுருங்கும். மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது குடையைப் பிடுங்கிய மாதிரி இருந்தது. மேனேஜர் நல்ல மனிதர். "லிமிட் கூட்டணும்னா ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி வந்திருக்கணும் சார், பணம் முடங்கின பிறகு வந்தா நான் என்ன செய்ய" என்றார். டர்ன்ஓவரில் 20 சதவீதம் வரை சிறுதொழிலுக்கு நடைமுறை மூலதனம் கொடுக்கும் வழிமுறை இருக்கிறது. பெரிய ஆர்டரின் கடிதம் கையில் வந்த அன்றே, அதைக் காட்டி லிமிட் கேட்பதுதான் சரியான நேரம். அப்போது நீங்கள் வளர்கிற கம்பெனி. ஆறு மாதம் கழித்துப் போனால் அதே நாற்காலியில் அதே மனிதருக்கு நீங்கள் சிக்கலில் இருக்கிற கம்பெனி.

அப்புறம் என்ன, தண்டல். வடசென்னையில் தண்டல் தெரியாதவர்கள் கிடையாது. மீன் கூடைக்காரம்மாவிலிருந்து டிபன் கடை வரைக்கும் எல்லோருக்கும் ஒரு தண்டல்காரர் இருப்பார். எனக்கும் வந்தார். ஐந்து லட்சம் எழுதிக்கொண்டு 4,25,000 கையில் கொடுத்தார், தினம் 5,000 வீதம் நூறு நாள். எழுபத்தைந்தாயிரம்தானே வட்டி, பதினைந்து சதவீதம் என்று மனசு சமாதானம் சொல்லும். தினமும் அசல் குறைந்துகொண்டே போவதைச் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். எட்டு சதவீதம் லாபம் வரும் தொழிலுக்கு நூறு சதவீத வட்டிப் பணம். மூன்று முறை எடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு பைக் சத்தம் கேட்டால் என் வயிறு கலங்கும். ஆட்கள் முன்னால் அவர் வந்து உட்காருவார், மரியாதையாகத்தான் பேசுவார், "அண்ணே, இன்னிக்கு டிபனாவது வாங்கிக் குடுங்கண்ணே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இன்னும் மறக்கவில்லை. நகையும் அந்தச் சமயத்தில்தான் போனது. வட்டி கட்ட முடியாமல் மூழ்கிவிட்டது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் 2019 ஏப்ரலில் பிரைவேட் லிமிடெட் ஆனோம். புரோஷரில் தங்க எழுத்தில் போடப்போகும் வருடம். அதில் நான் இழந்ததுதான் அதிகம் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். கஸ்டமர் தரப்பில், "புரொப்ரைட்டர்ஷிப்பா இருந்தா மேல அப்ரூவல் கஷ்டம்" என்றார்கள். விசிட்டிங் கார்டில் நாலு எழுத்து கூடினால் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் புரியாத விஷயம் என்னவென்றால், சட்டத்தின் கண்ணில் என் பழைய கம்பெனி வளரவில்லை. அது நின்றுவிட்டது, பக்கத்தில் புதிதாக ஒருத்தர் பிறந்திருக்கிறார். பான் புதுசு. ஜிஎஸ்டி எண் புதுசு, பழையதில் மிச்சமிருந்த வரி கிரெடிட்டை மாற்ற ஐடிசி-02 என்று தனி ஃபாரம். வங்கிக் கணக்கு புதுசு. மிஷின்கள் பழைய பெயரில் வங்கிக்கு ஹைப்பாதிகேஷனில் (கடனுக்கு ஈடாக) இருப்பதால் அதற்கு அனுமதி. கஸ்டமரிடம் வெண்டர் கோடு (சப்ளையர் எண்) புதுசு; அது கிடைக்க மூன்று மாதம் ஆனது, அந்த மூன்று மாதப் பில்கள் சிஸ்டத்திலேயே ஏறாமல் ஒரு மேஜையில் கிடந்தன. 'லிமிடெட்' என்றால் நம் வீடு தப்பிக்கும் என்று பேசிக்கொள்வார்கள். வங்கி டைரக்டர்களிடம் சொந்த கேரண்டி கையெழுத்து வாங்கிக்கொள்ளும், என்னிடமும் என் மனைவியிடமும் வாங்கியது. அதோடு வருடாந்திர ஆடிட் கட்டாயம், ஆர்ஓசிக்கு (கம்பெனிப் பதிவாளருக்கு) போடும் ஃபாரம்கள் ஒரு நாள் தாமதமானால் ஒரு ஃபாரத்துக்கு 100 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டே போகும். இரண்டு ஃபாரத்தை ஐந்து மாதம் தாமதமாகப் போட்டு முப்பதாயிரம் கட்டியிருக்கிறேன். பிரைவேட் லிமிடெட் ஆகவே கூடாது என்று சொல்லவில்லை. பாக்கி நிற்கும்போது ஆகாதீர்கள். பழைய பெயரில் வர வேண்டியதை வசூலித்து முடித்து, வெண்டர் கோடு கையில் வந்த பிறகு, ஏப்ரல் ஒன்றிலிருந்து புதுப் பெயரில் பில் போடுங்கள்.

இதில் எல்லாவற்றையும் விடப் பெரிய அடி எது தெரியுமா? ஒரு இலவச சர்டிபிகேட். சிறுதொழில் பதிவு என் பழைய கம்பெனிக்கு இருந்தது, அப்போது உத்யோக் ஆதார் என்பார்கள். அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தேன். புதுக் கம்பெனிக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். 2020 ஜூலையில் அதற்குப் பதிலாக உத்யம் பதிவு வந்தது, கொரோனா முடக்கத்தில் சம்பளத்துக்கே வழியில்லாத நேரம், யார் அதைக் கவனித்தார்கள். 2021 பிப்ரவரியில் ஆடிட்டர் வேறு எதற்கோ கேட்டபோதுதான் புதுக் கம்பெனிக்குப் பதிவே இல்லை என்று தெரிந்தது. கட்டணம் கிடையாது, அரை மணி நேர வேலை, செய்துவிட்டோம். அதன் விலை அந்த வருடக் கடைசியில் தெரிந்தது.

அதற்குள் வால்வு கம்பெனியின் பாக்கி 38 லட்சம் ஆகியிருந்தது. ஏன் சப்ளையை நிறுத்தவில்லை என்று என் மச்சான் இன்றைக்கும் கேட்கிறார். பழைய பாக்கியில் ஒரு லட்சம் அனுப்பிவிட்டு இரண்டு லட்சத்துக்குப் புதுச் சரக்கு கேட்பார்கள். நிறுத்தினால் பழையது போய்விடும் என்ற பயம். என் வியாபாரத்தில் 80 சதவீதம் அவர்கள்தான், நிறுத்தினால் 21 பேருக்கு வேலை இல்லை. சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்க மேலும் பணம் வைப்பவனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. கடைசியில் 2021 நவம்பரில், சிறுதொழில்களின் பாக்கி பற்றிப் புகார் வாங்கும் அரசின் சமாதான் போர்ட்டலில் மனு போட்டேன். சிறுதொழில்களுக்கான எம்எஸ்எம்இடி சட்டம் 2006ல் இருந்து இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. பிஓவில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) 90 நாள் என்று அவர்கள் எழுதியிருந்தாலும் செல்லாது. இதெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் இந்த மனுவை விசாரிக்கும் கவுன்சிலில் கேட்ட முதல் கேள்வி, "இந்த சப்ளை நடந்த தேதியில கம்பெனிக்குப் பதிவு இருந்ததா?" 38 லட்சத்தில் 27 லட்சம், பதிவுக்கு முந்தைய பில்கள். அவற்றுக்கு இந்த வழி கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் வக்கீல். மிச்சம் 11 லட்சத்துக்குத்தான் மனு நின்றது. பழைய பெயரில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த ஃபிரேமை அன்று கழற்றினேன்.

கோர்ட்டுக்குப் போக மூன்று வருடக் கெடு. கொரோனா காலத்தை, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை, அந்தக் கெடுவில் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்ததால் என் பழைய பில்கள் உயிரோடு இருந்தன. அது அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மார்ச் 31 தேதியிட்டு, "எங்களுக்கு நீங்கள் இவ்வளவு தர வேண்டும், சரிதானா" என்று பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பி சீல் போட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடும். நான் ஒரு வருடம்கூட வாங்கியதில்லை. இன்னொரு தவறு, ரிஜெக்ஷன். கணக்கு கேட்டவுடன் அவர்கள் எட்டு மாதத்துக்கு முந்தைய சரக்கில் குறை சொல்லி, தொகையைக் கழிக்கும் டெபிட் நோட் எடுத்துப் போட்டார்கள். டெலிவரி ஆகி 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று அதே சட்டம் சொல்கிறது. அதை நிரூபிக்க, சீல் வைத்த டெலிவரி சலான் வேண்டும். என்னிடம் பாதிக்கு இருந்தது. மிச்சம் பாதி டிரைவரின் வண்டிப் பெட்டியில் நனைந்து கூழாகியிருந்தது. இப்போது சலான் வந்த அன்றே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பில் போட்டுவிடுகிறோம்.

நோட்டீஸ் போன பத்தாவது நாள், இரண்டு வருடமாக என் போனை எடுக்காதவர்கள் கூப்பிட்டார்கள். காபி எல்லாம் கொடுத்தார்கள். நாலு மாதம் பேச்சு நடந்தது. 2022 ஜூனில் முடிந்தது: பதினோரு லட்சம் முழுசாக, வட்டி இல்லாமல், இருபத்தேழில் பாதி, மூன்று தவணையில். மிச்சம் பதிமூன்றரை லட்சத்தை வராது என்று விட்டுவிட்டேன். அந்தப் பதிமூன்றரையில் இருந்த ஜிஎஸ்டியை நான் எப்போதோ கட்டிவிட்டேன், வராக்கடன் என்று சொல்லி அதைத் திரும்ப வாங்க வழி இல்லை. தண்டல் வட்டி மூன்று முறைக்கும் இரண்டேகால் லட்சம். நகை தனி. வருங்கால வைப்பு நிதி ஒரு பக்கம்: இருபதாவது ஆள் சேர்ந்ததுமே பிஎஃப் வரும் என்று தெரிந்தும், ஒப்பந்த ஆட்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று நானாக முடிவு செய்து நாலு மாதம் ஓட்டினேன். சேர்ப்பார்கள். தொழிலாளி பங்கையும் சேர்த்து நானே கட்டினேன், இரண்டரை லட்சத்துக்கு மேல். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

திருவொற்றியூர் பக்கம் தொழில் செய்கிறவர்கள் கூடினால் எம்ஆர்எஃப் கதை வராமல் இருக்காது. 1946ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார், 1952ல் டிரெட் ரப்பர் (தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ரப்பர்), 1961ல் பப்ளிக் கம்பெனி, பிறகு டயர். நானும் இதைச் சொல்லித்தான் ஆட்களுக்கு உற்சாகம் கொடுப்பேன். இப்போது அதே கதையைக் கேட்டால் எனக்கு வேறு கேள்வி வருகிறது. பலூனுக்கும் டிரெட் ரப்பருக்கும் நடுவே ஆறு வருடம் இருக்கிறதே, அந்த ஆறு வருடம் சரக்கு வாங்கியவர்கள் எத்தனை நாளில் பணம் கொடுத்தார்கள்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணேசபுரம் சுரங்கப்பாதை முழுகிவிட்டது, மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்த சமயம். எங்கள் ஷெட்டில் இரண்டரை அடி. இந்த முறை மூன்று மிஷின், எதைத் தூக்குவது. டிரைவ், மோட்டார், பேனல் என்று ரிப்பேர் 6,20,000 ரூபாய். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். பாலிசியை வருடாவருடம் வங்கியே புதுப்பித்துக்கொண்டிருந்தது, 30 லட்சத்துக்கு. இடம் மாறிய பிறகும் வியாசர்பாடி விலாசமே ஓடிக்கொண்டிருந்ததை, பக்கத்து ஷெட்காரர் சொல்லி 2022ல்தான் மாற்றியிருந்தேன். நல்லவேளை. ஆனால் தொகையைப் பார்க்கவில்லை. சர்வேயர் வந்து மிஷின்கள், சரக்கு எல்லாம் சேர்த்து 68 லட்சம் மதிப்பு போட்டார். 68க்கு 30 தான் காப்பீடு என்றால் நஷ்டத்திலும் அதே விகிதம்தான் கிடைக்கும். கைக்கு வந்தது இரண்டே முக்கால் லட்சத்துக்கும் குறைவு. கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகியிருக்கும். புது மிஷின் இறங்குகிற அன்று பூஜை சாமான் லிஸ்டிலேயே 'இன்சூரன்ஸ் தொகை கூட்டு' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது எங்களிடம் 14 பேர். ஐந்து கஸ்டமர்கள், யாருக்கும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செய்வதில்லை. ஒரு பெரிய கஸ்டமர் டிரெட்ஸ் என்ற ஆன்லைன் பில் சந்தையில் இருக்கிறார். அவர் பில்லை அங்கே ஏற்று ஒப்புக்கொண்டால், வங்கிகள் ஏலத்தில் தள்ளுபடி கேட்டு எங்களுக்கு முன்கூட்டியே பணம் தருகின்றன, அதன் வட்டி தண்டலின் பக்கத்தில்கூட வராது. 2024 ஏப்ரல் முதல் இன்னொன்றும் வந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் தராத தொகையை, வாங்குகிறவர் அந்த வருட வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது, எப்போது தருகிறாரோ அப்போதுதான். அதனால் மார்ச் மாதம் திடீரென்று எல்லோரும் பாசமாகிவிடுகிறார்கள். ஒருவர் மட்டும், "பில்லுல அந்த உத்யம் நம்பரைப் போடாதீங்க, ஆர்டர் கூடத் தர்றேன்" என்றார். அவருக்கு இப்போது நாங்கள் சப்ளை செய்வதில்லை. உங்கள் உத்யம் எண்ணைப் பில்லில், பிஓ ஏற்பு மெயிலில், லெட்டர் ஹெட்டில், எல்லா இடத்திலும் போடுங்கள்.

டர்ன்ஓவர் இரண்டு கோடியிலிருந்து ஒன்றரைக்கு இறங்கியிருக்கிறது. அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "மாமா, இறங்கினதை எல்லாம் புரோஷர்ல போட மாட்டாங்க" என்றான். சரி என்றேன். கடைசித் தண்டல் தவணை கட்டிய தேதியையாவது போடலாமா என்று கேட்டேன். 2022 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை. சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமைதோறும் காலையில் என் மனைவி பாக்கிப் பட்டியலை எடுத்து வைப்பாள். 30 நாள் தாண்டியது பச்சை மையில், 45 தாண்டியது சிவப்பு மையில். இன்றைக்குச் சிவப்பில் இரண்டு பில் இருக்கிறது, ஒன்று 52 நாள், ஒன்று 47. மணி பத்தரை ஆகிறது, அவர்கள் ஆபீஸ் திறந்திருக்கும். போன் செய்யப் போகிறேன்.